எனக்கு என்ன தெரியும் என்று எழுந்து போகாதீர்கள்!



நான் 10-ம் வகுப்பு வரை படித்தவள். வயது 37. கல்யாணமாகி 18 வருடங்கள் ஆகின்றன. வீட்டில் இருக்கும் லேப்டாப்பைத் தூசி தட்டி வைப்பதைத் தவிர, கம்ப்யூட்டருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இப்படிப்பட்டவள் கம்ப்யூட்டர் புரோகிராம் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். முழுவதும் படித்துவிட்டு, நான் சொல்வது சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். கணினி அறிவியல் பாடம் எடுத்திருக்கிறாள். நம் தமிழ்நாட்டு பிளஸ் டூ புத்தகத்தில் 'பைத்தான்' என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி சொல்லிக் கொடுக்கிறார்கள். என்னவரின் தீபாவளி போனஸில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். சாயந்திரமானால் அதை வைத்துக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டே இருப்பாள்.

சென்ற ஆடி மாதம் ஒரு நாள். நான் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டு இருந்தேன். "அம்மா, இங்கே கொஞ்சம் வந்து கேளேன். இந்தப் புரோகிராம்ல எங்கே தப்புன்னே தெரியலை" என்று கூப்பிட்டாள்.

"எனக்கு என்னடி தெரியும்? அப்பா வரட்டும், அவர்கிட்டே கேளு" என்றேன்.

அவர் இரவு எட்டரை மணிக்கு அலுத்துக் களைத்து வந்தார். "டீச்சர்கிட்டே கேளும்மா" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார். என் மாமியாரிடம் போனாள். "ஆச்சிக்குக் கண்ணே சரியாத் தெரியலை, இதுல என்னத்தைப் பார்க்க?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. நானும் பிள்ளை தானாகப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு ராத்திரி, லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு அழுதாள். "எனக்கு இது வராதும்மா. காலேஜ்ல வேற ஏதாவது எடுத்துக்கறேன்" என்றாள். சின்ன வயதிலிருந்து கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அவளுடைய கம்ப்யூட்டர் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க பொண்ணுக்கு நல்லாவே வருதும்மா. ஆனா தப்பு வந்தா அதையே முறைச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்துடறா. வாய் விட்டு, வரிவரியா, யார்கிட்டேயாவது சொல்லச் சொல்லுங்க. பாதித் தப்பு அவளுக்கே தெரிஞ்சுடும்" என்றார்.

"எங்க வீட்டிலே யாருக்கும் கம்ப்யூட்டர் தெரியாதே டீச்சர்?"

"தெரியாதவங்கதான் வேணும்!" என்று சிரித்தார்.

பிறகு அவர் சொன்ன விஷயம்தான் என்னை ஆச்சரியப்பட வைத்தது. 1999-ம் வருடம் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் என்ற இருவர் 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்று ஒரு புத்தகம் எழுதினார்களாம். கம்ப்யூட்டர் வேலை செய்பவர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலமான புத்தகம். புரோகிராமில் பிழை பிடிபடவில்லை என்றால், அதைப் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு ஆரம்பத்திலிருந்து விளக்கிச் சொல்லுங்கள் என்கிறார்கள். கேட்பவர் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். குளியல் தொட்டியில் மிதக்கிற ரப்பர் வாத்து தலையை ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டு இருந்தால் போதுமாம்! அதனால் அந்த முறைக்கு ரப்பர் வாத்து என்றே பெயர் வந்துவிட்டது. மேஜைமேல் நிஜமாகவே ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதனிடம் பேசுகிறவர்களும் உண்டாம்.

அதே 1999-ல் பிரையன் கெர்னிகன், ராப் பைக் என்ற இரண்டு நிபுணர்கள் எழுதிய இன்னொரு புத்தகத்தில் ஒரு கரடி பொம்மை வருகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில், உதவி கேட்டு வரும் மேஜைக்குப் பக்கத்தில் அந்தப் பொம்மையை வைத்திருந்தார்களாம். புரியாத பிழையோடு வரும் மாணவர்கள், மனிதரிடம் பேசுவதற்கு முன்னால் கரடியிடம் அதைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமாம்!

வாத்தும் கரடியும் செய்கிற வேலையை நான் செய்யக்கூடாதா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும், "ஏட்டி, அந்த லேப்டாப்பைத் திற. எனக்குச் சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "உனக்குப் புரியாதும்மா" என்றாள். "புரியாது, தெரியும். நீ சொல்லு" என்றேன்.

ஐந்து பாடத்து மார்க்கைக் கூட்டி, சராசரி சொல்கிற புரோகிராம் அது. 78, 65, 90, 82, 71 என்று மார்க் கொடுத்திருந்தாள். கூட்டினால் 386 வர வேண்டும். சராசரி 77.2. ஆனால் கம்ப்யூட்டர் சராசரி 14.2 என்று காட்டியது. எல்லாப் பாடத்திலும் 60-க்கு மேல் வாங்கிய பிள்ளைக்குச் சராசரி 14-ஆ? அதைவிடக் கொடுமை, கம்ப்யூட்டர் 'தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுத்துப் பிழை மாதிரி இருந்தால் அதுவே காட்டிவிடுமாம். கணக்கு தப்பாகப் போனால் அதற்குத் தெரியாதாம். சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்குமாம்.

"முதல்ல மார்க் எல்லாத்தையும் ஒரு வரிசையா வச்சிருக்கேன்மா."

"ம்..."

"அப்புறம் ஒவ்வொரு மார்க்கா எடுக்கச் சொல்றேன். எடுத்து டோட்டல்ல கூட்டச் சொல்றேன்."

"டோட்டல்னா மொத்தமா? முதல்ல அதுல எவ்வளவு இருக்கும்?"

"பூஜ்யம்மா. டோட்டல் பூஜ்யம்னு ஒரு வரி எழுதியிருக்கேன்ல."

"அதை எப்போ எழுதுவே?"

"ஒவ்வொரு மார்க்கும் எடுத்த உடனே டோட்டலை பூஜ்யமாக்கி..." என்று சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். "ஐயோ அம்மா! ஒவ்வொரு தடவையும் பூஜ்யமாக்கிட்டே இருக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். உண்டியலில் ஒவ்வொரு காசு போடுவதற்கு முன்னாலும், இருந்ததைக் கொட்டிக் காலி செய்கிற மாதிரி எழுதியிருக்கிறாள். கடைசியில் போட்ட 71 மட்டும் மிஞ்சியது. அதை ஐந்தால் வகுத்தால் 14.2. பைத்தானில் ஒரு வரி இடது ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஆரம்பித்தால், அது திரும்பத் திரும்ப நடக்கிற வேலைக்குள் போய்விடுமாம். அந்த ஒரு வரியை ஓரத்துக்கு இழுத்து, மேலே கொண்டுபோய் வைத்தாள். 77.2 என்று வந்தது. இத்தனை நாள் அழுத அழுகைக்குக் காரணம், ஒரு வரி இடம் மாறி உட்கார்ந்திருந்ததுதான்.

அதன் பிறகு இது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. நான் காய் நறுக்குவேன், அவள் சொல்லுவாள். ஒரு நாள் 12-ஐயும் 13-ஐயும் கூட்டச் சொன்னால் 1213 என்று வந்தது. "தட்டச்சு பண்றதை இன்புட்னு வாங்கிக்கறேம்மா. அது எழுத்தாத்தான் வரும்..." என்று சொல்லும்போதே சிரித்துவிட்டாள். எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே விட்டதால், கம்ப்யூட்டர் கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டதாம். அன்றைக்கு நான் "ம்" என்பதைத் தவிர வேறு எதுவுமே சொல்லவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். மனதுக்குள் படிக்கும்போது, நாம் எழுதியது கண்ணில் படுவதில்லை. எழுத நினைத்ததுதான் படுகிறது. தெரிந்த இடத்தைக் கண் தாண்டித் தாண்டிப் போய்விடுகிறது. ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்லும்போது அப்படித் தாண்ட முடியாது. முதலில் இது, அப்புறம் அது என்று வரிசையாகத்தான் வந்தாக வேண்டும். தாண்டினால் கேட்பவர் முகம் சுருங்கும். அந்த இடத்தில்தான் பிழை உட்கார்ந்திருக்கும்.

இது வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் கண்டுபிடித்ததும் இல்லை. அக்கம்பக்கத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "நம்ம நன்னூல்லயே இருக்கே!" என்றார். 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் அது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வருமாம். கூடப் படிப்பவர்களோடு பழகிப் படித்தால் இன்னொரு கால் பங்கு. மிச்சம் அரைப் பங்கும், தான் படித்ததை அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம்! அந்த அரைப் பங்கைத்தான் நான் அன்றைக்கு மாவரைக்கும் சாக்கில் "எனக்கு என்ன தெரியும்" என்று தட்டிவிட்டிருக்கிறேன்.

ஒரு நாள் என்னவர் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்கம்மாகிட்டே போய்ச் சொல்றியே, அவளுக்கு இதுல ஒரு எழுத்தாவது புரியுமா?" என்றார். "புரிய வேண்டாம்ப்பா, கேட்டா போதும்" என்றாள் மகள். உண்மையைச் சொல்கிறேன் தோழிகளே, எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அப்படியானால் நானும் அந்த ரப்பர் வாத்தும் ஒன்றா?

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒன்று இல்லை. வாத்துக்குப் புரியவில்லை என்றால் அதன் முகம் மாறாது. என் முகம் மாறும். "அதை எப்போ எழுதுவே?" என்று வாத்து கேட்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, "எனக்கு வராது" என்று பிள்ளை அழும்போது, "எங்கே, இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லு" என்று பொம்மை சொல்லாது. ஆள் இல்லாத நேரத்துக்குப் பொம்மை இருக்கட்டும். நாம் வீட்டில் இருக்கும்போது பிள்ளை ஏன் பொம்மையிடம் பேச வேண்டும்?

இதில் எனக்கே ஒரு லாபம் கிடைத்தது. எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு நோட்டு என் பொறுப்பு. சென்ற ஐப்பசியில், கூட்டத்துக்கு முந்தைய நாள் பார்த்தால், நோட்டில் இருப்பதைவிடப் பெட்டியில் 450 ரூபாய் குறைகிறது! மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே 450. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டலாம் என்றால், இன்றைக்குப் போட்டால் நாளைக்கும் போட வேண்டி வரும். விஷயம் வெளியே தெரிந்தால் "கை வச்சுட்டா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் வந்து உட்கார்ந்தாள். "இப்ப நீ சொல்லும்மா, நான் வாத்து" என்றாள். அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டைத் திறந்து சொல்ல ஆரம்பித்தேன். "11 பேர் சேமிப்பு, தலைக்கு 100, ஆக 1100." "ம்." "கடன் திருப்பினது ரெண்டு பேர், 2000." "ம், அப்புறம்?" "வட்டி, கடைசி வீட்டு அக்கா கொடுத்தது அம்பது..." வாய் அம்பது என்கிறது. விரல் 500 மேல் நிற்கிறது! அவசரத்தில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். மூன்று தடவை கூட்டியபோதும் தொகையைத்தான் சரிபார்த்தேனே தவிர, ஒவ்வொரு வரியும் யார் எதற்குக் கொடுத்தது என்று சொல்லிப் பார்க்கவில்லை. தொண்டையை அடைத்தது எதுவோ அப்போதுதான் இறங்கியது.

அடுப்படியில் நாம் தனியாகப் பேசினால், "தனக்குத்தானே பேசிக்கிறா பாரு" என்று கேலி செய்வார்கள். இனிமேல் யாராவது கேட்டால், பெரிய பெரிய கம்ப்யூட்டர் நிபுணர்களே வாத்திடம் பேசுகிறார்கள் என்று தைரியமாகச் சொல்லுங்கள்!

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளை சொல்லும்போது நடுவில் புகுந்து, "நீ எப்பவும் மொபைலே கதின்னு இருக்கே, அதான்" என்று புத்தி சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அடுத்த நாள் சொல்ல வரமாட்டார்கள். ஒருமுறை நான் அப்படிச் செய்து, மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தாள்.

புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டாதீர்கள். "அது எங்கேருந்து வந்தது?", "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அசட்டுக் கேள்வி என்று வெட்கப்பட வேண்டாம்.

"என்ன செய்யணும்னு நினைச்சே" என்று கேட்காமல், "என்ன எழுதியிருக்கே, அதைச் சொல்லு" என்று கேளுங்கள். நினைத்தது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். எழுதியதில்தான் கோளாறு.

அரை மணி நேரம் சொல்லியும் பிடிபடவில்லை என்றால், "டீச்சர்கிட்டே கேள்" என்று அனுப்பிவிடுங்கள். வாய் விட்டுச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பாடமே புரியாமல் இருந்தால், அதைச் சொல்லித் தர ஆள் வேண்டும். ஆனால் எந்த வரி வரை சரி, எந்த வரியில் சந்தேகம் என்று தெளிவாகக் கேட்கவாவது பிள்ளைக்கு வரும்.

"இதெல்லாம் எதுக்கு? இப்பதான் மொபைல்ல ஏ.ஐ. வந்துடுச்சே, கேட்டா அதுவே சரி பண்ணிக் கொடுத்துடுமே" என்று என் தங்கை கேட்டாள். கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பரீட்சை எழுதும்போது அது பக்கத்தில் இருக்காதே! தன் தப்பைத் தானே கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது பாருங்கள், அது விடை வாங்கி ஒட்டும்போது வருவதில்லை.

என் மகள் இப்போது வகுப்பில் முதல் மார்க் வாங்கிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். இன்னும் தடுமாறுகிறாள். ஆனால் "எனக்கு வராது" என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு நாலைந்து மாதங்கள் ஆகிவிட்டன. போன வாரம் என் மாமியாரே, "கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து சொல்லு, ஆச்சியும் கேக்கேன்" என்று கூப்பிட்டார். கண் தெரியாவிட்டால் என்ன? காது நன்றாகத்தானே கேட்கிறது!

நம்மில் பலர், படிப்பு போதாது என்ற கூச்சத்தில், பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அடுப்படிக்குள் ஒளிந்துகொள்கிறோம். நமக்குத் தெரியாதது ஒரு குறையே இல்லை. ஒன்றும் தெரியாத நமக்குப் புரியும்படி ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அது அந்தப் பிள்ளைக்கு மறக்காது. கணக்கோ, கம்ப்யூட்டரோ, மனதில் கிடக்கும் வேறு கஷ்டமோ, எதுவானாலும் சரி. மாவு பத்து நிமிடம் காத்திருக்கும். பிள்ளை காத்திருக்காது.

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, கோவில்பட்டி.